காற்று எடுத்தது

கல்லூரி வேப்பமரத்தடியில் நிற்கும் என் ஆர்.எக்ஸ். 100 வண்டியைப் பற்றி மாணவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. "ஐயா, விலைக்குத் தருவீர்களா?" என்பது முதலாவது. "வலப்பக்கக் கால்தாங்கி ஏன் ஐயா வளைந்திருக்கிறது?" என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு, "கீழே விழுந்தது" என்று மட்டும் கூறிவிட்டு வகுப்பறையை நோக்கி நடந்துவிடுவது வழக்கம். துறை மலருக்கு இவ்வாண்டு கட்டுரை கேட்டார்கள். புறநானூற்றில் தேர் பற்றி எழுதலாமென்று குறிப்புகள்கூட எடுத்து வைத்திருந்தேன். தேர் அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும். அந்த இரண்டாம் கேள்விக்குரிய முழு விடையை இங்கே எழுதிவிடுகிறேன்.

வண்டி என் அத்தாவுடையது. 1991ஆம் ஆண்டு வாங்கினார். அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவன். அத்தாவுக்குத் துணி வியாபாரம். கடை என்று ஒன்று கிடையாது. சேலை, கைலி, துண்டு, குழந்தைகளுக்கான சட்டைத்துணி ஆகியவற்றை மூட்டையாகக் கட்டிப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வார். தொழிலாளர்களுக்குத் தவணைக்குக் கொடுப்பார்; சம்பளம் போட்ட மறுநாள் வசூலுக்குப் போவார். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக ஏறும் அந்தப் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 18. இன்று அது நல்ல தார்ச்சாலை. வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டிப் பலகையும் நட்டிருக்கிறார்கள். அத்தா போன காலத்தில் பெரும்பகுதி பெயர்ந்த ஜல்லிதான். மழை பெய்தால் அதுவும் சேறு.

'இராவுத்தர்' என்னும் சொல் குதிரை வீரனைக் குறிக்கும் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் முன்னோர் எத்தனை பேர் குதிரை ஏறினார்களோ, எனக்குத் தெரியாது. அத்தா ஏறியது 98 சி.சி. எஞ்சினில் அடைபட்ட பதினொரு குதிரைகளின்மீது. ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள அந்தச் சிறு வண்டி, துணிமூட்டையோடும் அத்தாவோடும் 1,500 மீட்டரளவு உயரத்துக்கு மாதம் நான்குமுறை ஏறி இறங்கியது. பதினைந்து ஆண்டுகள் அப்படி. எங்கள் வீட்டில் நடந்த இரண்டு திருமணங்களும், எனது ஆய்வியல் நிறைஞர் பட்டமும் அந்த ஏற்ற இறக்கத்தில் வந்தவையே.

அத்தா 2009ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் வண்டியும் ஒரு நீள நோட்டும் என் பங்குக்கு வந்தன. நோட்டின் முன்பக்கத்திலிருந்து தவணைக் கணக்கு. பின்பக்கத்திலிருந்து வண்டிக் கணக்கு. பெட்ரோல், எண்ணெய், பிரேக் கட்டை, சங்கிலி என்று எல்லாம் தேதியோடு இருக்கும். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்து பெரிது பெரிதாக, புள்ளி வைக்காமல் இருக்கும். புள்ளியில்லா ஓலைச்சுவடிகளைப் படிக்கப் பயிற்சி பெற்றவன் நான். ஆகவே அத்தாவின் நோட்டைப் படிப்பது எனக்கு எளிது என்று நினைத்திருந்தேன்.

பத்தாண்டுகள் தாழ்வாரத்தில் தூசியோடு நின்ற வண்டியை 2019இல் மீண்டும் ஓட்டவேண்டும் என்ற ஆசை வந்தது. அத்தா எப்போதும் விடும் பட்டறைக்கே கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அத்தாவைவிட வயதில் இளையவர். என்னைச் சிறுவனாக அறிந்தவர். "தம்பி" என்றுதான் அழைப்பார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிலிண்டரைக் கடைய வேண்டும், புதுப் பிஸ்டன் போடவேண்டும் என்றார். ஒரு வாரத்தில் வண்டி ஓடியது. ஆனால் நீலப் புகை கக்கியது. "சைலன்சர்ல பத்து வருசத்து ஆயில் ஊறிக் கெடக்கு தம்பி. ஓட ஓட எரிஞ்சு போயிரும்" என்றார். நான் நம்பவில்லை. யாரோ ஒரு நண்பர், "புதுப் பிஸ்டனுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே போட்டுவிடுவார்கள்" என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே, பட்டறையில் நான்கு பேர் நிற்கும்போது, அவரிடம் கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. துணியில் கையைத் துடைத்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "கணக்குச் சரியா இருக்கு சார்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னைச் 'சார்' என்றார்.

அடுத்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடியிருந்தது, பட்டறைகளும் மூடியிருந்தன. முற்றத்தில் வண்டி நின்றது. கையில் ஒரு ஸ்பேனர்ப் பெட்டியும் நிறைய நேரமும் இருந்தன. எஞ்சினைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். கரி எடுப்பது நோக்கம் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையான நோக்கம் பிஸ்டனைப் பார்ப்பது.

பிரிப்பது மிக எளிது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. நான்கு நட்டுகளைக் கழற்றினால் தலைப்பகுதி கையோடு வந்துவிடும். சிலிண்டரை மேலே தூக்கினால் பிஸ்டன் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அதன் தலையில் படிந்திருந்த கரியை மரக்குச்சியால் சுரண்டினேன். உற்பத்தியாளரின் முத்திரை தெரிந்தது. அதன் அருகில் '50' என்ற எண்ணும் தெரிந்தது. அதாவது, சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கடைந்து, அந்த அளவுக்குரிய புதுப் பிஸ்டனை முறைப்படி பொருத்தியிருக்கிறார். இதற்கு முந்திய எந்த ஆண்டிலும் அத்தாவின் நோட்டில் 50 என்ற அளவு இல்லை. ஐயத்துக்கு இடமே இல்லை. முற்றத்து வெயிலில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டறை திறந்ததும் போய் அவரிடம் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். பட்டறை திறந்தது. நான் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பட்டறை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெரு வழியாகக் கல்லூரிக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

இனி முற்றத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பிஸ்டனை இணைத்திருக்கும் முளையின் இருபுறமும் கம்பியால் ஆன சிறு வளையம் ஒன்று இருக்கும். 'லாக்' என்பார்கள். முளை நகர்ந்து சிலிண்டரைக் கீறிவிடாமல் காப்பது அதுதான். அதைக் கழற்றும்போது கீழே திறந்திருக்கும் எஞ்சின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது பட்டறைச் சிறுவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. வளையம் துள்ளியது, எஞ்சினுக்குள் விழுந்தது. பழைய ஒலிபெருக்கி ஒன்றை உடைத்து அதன் காந்தச் சில்லை நூலில் கட்டி உள்ளே இறக்கி இரண்டு நாள் தேடினேன். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுவதைப் போன்ற வேலை. என் மகன்தான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை அது நூலோடு வந்தபோது வீடே பெருநாள் கொண்டாடியது.

அடுத்து வளையங்கள். பிஸ்டனில் உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் நுண்ணிய ஆணி ஒன்று பதிந்திருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அந்த ஆணியை இருபுறமும் அணைத்து நிற்க வேண்டும். இல்லையெனில் முனை சுழன்று சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரத்தில் மாட்டிக்கொள்ளும். நான் ஆணியைக் கவனியாமல் சிலிண்டரை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு மண்பாண்டம் விரிசல் விடும் சத்தத்தைப் போன்றது. அதற்குப் பிறகு பல இரவுகள் அதைக் கனவில் கேட்டிருக்கிறேன். புது ரிங் கிடைக்கும்வரை ஒன்றரை மாதம் எஞ்சின் திறந்தபடி அம்மாவின் பழைய சேலைத்துணிக்குள் கிடந்தது. எல்லாம் முடிந்து வண்டி உயிர்பெற்றபோது எனக்கு ஒரு செருக்கு வந்தது என்பதை மறைக்கமாட்டேன். வகுப்பில் ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும்போதெல்லாம் அந்தச் சிறு லாக்கைச் சான்று காட்டத் தொடங்கினேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

இங்கே இந்த எஞ்சினின் இயல்பை இரண்டு சொல் கூறியாக வேண்டும். இன்றைய வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருந்து, சுற்றிச் சுற்றி வந்து உறுப்புகளை நனைக்கும். இரண்டு வீச்சு எஞ்சினில் அந்த ஏற்பாடு இல்லை. பெட்ரோலும் காற்றும் எஞ்சினின் அடிவயிற்றின் வழியாகத்தான் மேலே போகின்றன. ஆகவே பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் வழுவழுப்பு. அது வேலையை முடித்துவிட்டு எரிந்து புகையாகப் போய்விடும். பழைய ராஜ்தூத், எஸ்டி வண்டிகளில் பெட்ரோல் தொட்டியிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். ஆர்.எக்ஸ். வண்டியில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஒரு சிறு பம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். கைப்பிடியைத் திருகும் அளவுக்கும் எஞ்சினின் வேகத்துக்கும் ஏற்பச் சொட்டும் கூடும்.

2022 டிசம்பரில் அந்தக் குழாய் இறுகி வெடித்துக் கசியத் தொடங்கியது. புதுக்குழாய் வாங்கும்வரை, பழைய காலத்தார் செய்ததைப்போல, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டினேன். பிறகு கண்ணாடிபோன்ற குழாய் ஒன்றை அளந்து வெட்டி நானே மாட்டினேன். எண்ணெய்த் தொட்டியை நிரப்பினேன். குழாய்க்குள் ஒரு விரல் நீளத்துக்குக் காற்றுக்குமிழி நின்றது. மட்டப்பலகையில் உள்ள குமிழியைப்போல் அழகாயிருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

வேலையைத் தொடங்குமுன் அத்தாவின் நோட்டைப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டுப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. 'டியூப் - 8.00. காத்து எடுத்தது - 2.00.' அதற்குமேல் 'மலைக்கு' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். இதனை நான் நெடுநேரம் ஆராய்ந்தேன். கரடுமுரடான மண்பாதையில் ஓட்டுகிறவர்கள் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள்வார்கள். டயர் அகன்று மண்ணைப் பற்றும். அத்தா மலைக்குப் போகும்போது டயர் டியூபை மாற்றிக் காற்றையும் குறைத்திருக்கிறார் என்று உரை கண்டேன். அத்தாவின் நுட்பத்தை எண்ணி வியந்து, அதை மகனிடமும் சொன்னேன்.

இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். தொட்டியில் எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை. எஞ்சின் இவ்வளவு சிக்கனமாக ஓடுகிறதே என்று மகிழ்ந்தேன். 2023 பொங்கல் விடுமுறையில் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேகமலைக்குப் புறப்பட்டேன். அவனுக்கு ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. "ஒரே ஒரு நாள்" என்று மனைவியிடம் அனுமதி வாங்கியிருந்தோம். இருவரும் தலைக்கவசம் அணிந்திருந்தோம். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

தென்பழனிச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் வளைவுகள் தொடங்கின. வண்டி பாடிக்கொண்டு ஏறியது. இரண்டு வீச்சு எஞ்சின் ஏற்றத்தில் எழுப்பும் அந்த உலோக ஒலியைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். பாறை, மூங்கில், பிறகு மேகம், பிறகு தேயிலை. ஹைவேவிஸ் கடைத்தெருவில் தேநீர் குடித்தோம். தொட்டியில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. மேலே பெட்ரோல் நிலையம் இல்லை என்பதால் வீட்டிலிருந்து மூன்று லிட்டர் கேனில் கொண்டு வந்திருந்தேன். எண்ணெய் கலவாத வெறும் பெட்ரோல். அதை ஊற்றினேன். அத்தாவின் முறைப்படி இரண்டு டயர்களிலும் காற்றைக் குறைத்தேன். மணலாறு கடந்து வெண்ணியாறு நோக்கிச் சென்றோம்.

அங்கே தார் அற்றுப்போய் மண்ணும் கல்லும் தொடங்கியது. மண்பாதையில் ஓட்டுவது தனிக்கலை. இருக்கையில் அழுந்த உட்காரக்கூடாது. கால்தாங்கிகளின்மேல் எடையை வைத்து எழுந்து நிற்க வேண்டும். அப்போது வண்டி கீழே தன்போக்கில் ஆடும், நாம் ஆடமாட்டோம். முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்துவது தவறு. பார்வை சக்கரத்துக்கு முன்னால் உள்ள கல்லில் இருந்தால் சக்கரம் அந்தக் கல்லிலேயே ஏறும். பத்தடி தள்ளிப் பார்த்தால் கை தானே வழி கண்டுபிடிக்கும். இவையெல்லாம் பதின்மூன்று வயதில் அத்தாவின் பின்னால், துணிமூட்டைக்கும் அவர் முதுகுக்கும் இடையில் நெருங்கி உட்கார்ந்து நான் கற்றவை. இப்போது என் முதுகில் என் மகனின் கை இருந்தது. ஒருபுறம் பள்ளத்தில் நீர்த்தேக்கம் பளபளத்தது. அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஓர் ஏற்றத்தில், இரண்டாம் கியரில், வண்டி திடீரென்று களைத்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பதைப் போலிருந்தது. ஒலியில் ஒரு வறட்சி வந்தது. அறிந்தவன் அந்தக் கணத்திலேயே கிளட்சைப் பிடித்திருப்பான். நான் கைப்பிடியை இன்னும் திருகினேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சரளைக்கல்லில் வண்டி குறுக்கே வழுக்கி வலப்புறமாகச் சாய்ந்தது. வலப்புறம் தேயிலைச் சரிவு, இடப்புறம் பள்ளம். வலப்புறமாகச் சாய்ந்ததற்கு என் திறமை எந்த வகையிலும் காரணமில்லை. நான் எழுந்தபோது மகன் தேயிலைச் செடிகளுக்கிடையே உட்கார்ந்து தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. "எழுதுற கை அத்தா" என்று மட்டும் சொன்னான்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களுள் முதியவர் ஒருவர் தம் துண்டை மடித்து அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். பிறகு வண்டியைச் சுற்றிவந்து எண்பலகையைப் பார்த்தார்.

"இது ராவுத்தரு வண்டியில்ல? துணிக்கார ராவுத்தரு?"

ஆம் என்றேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "மூட்டைக்கு முன்னால குந்தி வருமே, அந்தப் புள்ளையா நீயி?" என்றார். அத்தா இறந்ததைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தா, அந்த ஓடைக்கிட்ட வந்தா நிறுத்திப்புடுவாரு தம்பி. ஏறி உக்காந்தாத் தேவலையேன்னு நாங்க கத்துவோம். வண்டி ஆறணும்பாரு. பக்கத்துல மூடியக் கழட்டி எண்ணெய் எறங்குதான்னு குனிஞ்சு பாப்பாரு. எறங்கலேன்னா நடையில்லம்பாரு."

நான் குனிந்து பார்த்தேன். தொட்டியில் எண்ணெய், வீட்டில் ஊற்றிய மட்டத்திலேயே இருந்தது. குழாயில் அந்தக் குமிழி, ஒரு விரல் நீளத்துக்கு, அப்படியே நின்றது. பம்புக்கு எண்ணெய் போகவே இல்லை. அதுவரை எங்களைச் சுமந்து வந்தது தொட்டியில் மிஞ்சியிருந்த கலவைப் பெட்ரோல். ஹைவேவிஸில் நான் ஊற்றிய வெறும் பெட்ரோலில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதே பெரிது.

தோட்டத்து ஜீப் ஒன்று எங்களையும் வண்டியையும் சின்னமனூரில் இறக்கிவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரக் கட்டு. வீட்டில் நடந்ததை விரிவாக எழுதப்போவதில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மனைவி நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதற்கு அந்த நான்கு நாட்களே மேல். மகன் இடது கையால் கணக்குப் போட்டுப் பழகினான். தேர்வுக்கு முன் கட்டு பிரிக்கப்பட்டது. தன் கையாலேயே எழுதினான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆறு வாரமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் எதிரில் உட்காருவது எனக்கு எளிதாயில்லை.

வண்டியை மீண்டும் முற்றத்தில் பிரிக்கும் துணிவு எனக்கு இல்லை. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நான் நடவாதிருந்த தெருவுக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டறைக்காரருக்கு முடி முழுதும் நரைத்திருந்தது. "வாங்க சார்" என்றார். உதைகோலை அழுத்திப் பார்த்தார்; அசையவில்லை. குழாயைப் பார்த்தார். குமிழியின்மேல் விரலை வைத்தார்.

"இத மாட்டுனது யாரு?"

"நான்தான்."

"காத்து எடுக்கலையா?"

அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. பையிலிருந்து அத்தாவின் நோட்டை எடுத்து 1998ஆம் ஆண்டுப் பக்கத்தைக் காட்டினேன். அதற்கு நான் கண்ட உரையையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிரிக்கவில்லை.

"டயர்ல காத்தக் கொறைக்க எவனாச்சும் ரெண்டு ரூவா வாங்குவானா சார்? எட்டு ரூவாய்க்கு எந்த ஊர்ல டயர் டியூப் குடுத்தான்? இது ஆயில் டியூப். நான்தான் மாட்டுனேன். பம்புல சின்னத் திருகு ஒண்ணு இருக்கு. அதத் தளத்திவிட்டா காத்து குமிழ் குமிழா வந்துட்டு, அப்பறம் வெறும் ஆயில் வரும். அப்பத்தான் திருக முறுக்கணும். காத்து எடுக்காம மலைக்கு வண்டி தரமாட்டேன்னு சொல்லிச் செஞ்சது. அதான் மலைக்குன்னு எழுதியிருக்காரு."

வினைச்சொற்களைப் பற்றித்தான் என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வு. நூற்றுக்கணக்கான வினைகளை இடத்துக்கு இடம் பொருள் பிரித்துக் காட்டியிருந்தேன். விலையைப் பார்த்திருந்தால் பொருள் விளங்கியிருக்கும். ஆண்டுதோறும் கசிந்த எண்ணெய்க்கு அதே பக்கத்தில் கணக்கு இருந்தது. அதைப் பார்த்திருந்தாலும் விளங்கியிருக்கும். என் தந்தை டயர்க் காற்றைக் குறைக்கும் நுட்பம் அறிந்தவர் என்று நானே விரும்பியதால் அந்தப் பொருள் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனின் பக்கங்களில் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. சிலிண்டர்ச் சுவரில் நகத்தால் கீறியதைப்போல நெடுங்கோடுகள். பிஸ்டனைத் துடைத்து உள்ளங்கையில் வைத்தார். கரி படிந்த தலையில் '50' மங்கலாகத் தெரிந்தது. அதை அவர் என்னிடம் காட்டவில்லை. ஒரு பக்கமாக வைக்கப் போனார். நான்தான் கேட்டு வாங்கினேன்.

"ஊரடங்குல இதைப் பிரிச்சேன். அப்பவே இந்த நம்பரப் பாத்துட்டேன். வந்து சொல்லியிருக்கணும்" என்றேன். மேற்கொண்டு என்னென்னவோ சொல்ல ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் சற்றுநேரம் சிலிண்டருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டறைப் பையனிடம், "ரெண்டு டீ சொல்லுடா. தம்பிக்குச் சர்க்கரை கம்மியா" என்றார்.

சிலிண்டர் கடைசலுக்குப் போனது. அளவு 75க்கு ஏறியது. "இன்னும் ஒரு தடவைதான் இருக்கு தம்பி, நூறு. அதுக்கப்பறம் கடைய இரும்பு மிச்சமிருக்காது. ஸ்லீவ் போடணும். அது உங்கத்தா சிலிண்டரு ஆகாது" என்றார். பொருத்தும் நாளன்று மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். கையில் கட்டோடு அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் வாயில் துணி அடைத்தார். ரிங்கின் முனைகளை ஆணியோடு சேர்த்துவைத்து அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர்ப் பக்கம் நோக்கியிருப்பதைக் காட்டினார். தலைப்பகுதியின் நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்மூலையாக, சிறிது சிறிதாக முறுக்கினார். இறுதியில் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டிப் பம்பிலுள்ள அந்தத் திருகைக் காட்டினார். கடுகளவுதான் இருந்தது.

தளர்த்தினேன். குமிழ்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு சிறியவை பல. முறுக்கக் கை போனது. "பொறு" என்றார். இன்னும் ஒரு குமிழ் வந்தது. பிறகு எண்ணெய் மட்டும் நூலாக இறங்கியது. மகன்தான், "இப்ப அத்தா" என்றான்.

பட்டறைக்காரர் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்கு எழுதினார். கடைசல், பிஸ்டன், ரிங், பேக்கிங், கூலி. முதல் 500 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவேண்டும். அதுவரை மலைப்பக்கம் தலைவைக்கக் கூடாது என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அத்தாவின் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு வரி குறைந்தது.

"காத்து எடுத்ததுக்கு எவ்வளவுண்ணே?" என்றேன்.

"அது நீயில்ல தம்பி எடுத்தே" என்றார்.